இரண்டு புள்ளி: கடலூர், புதுச்சேரி விளையாட்டு அலுவலர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் பெண் பிள்ளைகளுக்கு ரக்பி கற்றுத் தருகிறோம்; அதற்கு உங்கள் உதவியைக் கேட்டு எழுதுகிறோம்.

இந்தியப் பெண்கள் ரக்பி அணி ஆடிய ஆட்டங்களில் இரண்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். 2019 ஜூன், பிலிப்பைன்ஸ். ஆசிய சாம்பியன்ஷிப்பின் முதல் டிவிஷன், 15 பேர் ஆடும் முழு ஆட்டம். சிங்கப்பூரை 21-19 என்று வென்றோம். 15 பேர் ஆட்டத்தில் நம் பெண்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான். வெண்கலமும் கூடவே வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் தவறுக்காகக் கிடைத்து ஒடிசாவின் சுமித்ரா நாயக் உதைத்த பெனால்டிதான் கரை சேர்த்தது. அடுத்தது 2024 அக்டோபர், காத்மாண்டு. ஆசிய செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) டிராஃபியின் இறுதி ஆட்டம். பிலிப்பைன்ஸிடம் 5-7 என்று தோற்றோம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு டிரை, அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து வாங்கும் ஐந்து புள்ளி. டிரைக்குப் பின் உதைக்கும் கன்வர்ஷனில் அவர்களுடையது கம்பங்களுக்கு நடுவே போனது, நமக்கு அந்த இரண்டு புள்ளி வரவில்லை.

ஜெயித்தது இரண்டு புள்ளியில், தோற்றதும் இரண்டு புள்ளியில். இரண்டையும் தீர்மானித்தது கால். இந்த மடலைச் சென்னைக்கோ டெல்லிக்கோ அனுப்பாமல் உங்களுக்கு எழுதக் காரணமும் அதுவே. பந்தை உதைக்கத் தெரிந்த பெண் பிள்ளைகள் கடலூர் அளவுக்கு எத்தனை ஊரில் இருக்கிறார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் வளர்ந்த பெண்கள் கால்பந்து எங்கே போய் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கால்பந்திலிருந்து பிடுங்கித் தரச் சொல்லவில்லை. அணியில் இடம் கிடைக்காமல் பதினைந்து பதினாறு வயதில் வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இந்திய அணியின் கணக்கு நீளமானதல்ல, முக்கியமானதைச் சொல்லிவிடலாம். செவன்ஸில் தொடக்கம் 2009. 15 பேர் ஆட்டத்துக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் நடந்த அந்தத் தொடரில் வெற்றி இல்லை. அடுத்த ஆண்டே மேலே சொன்ன வெண்கலம். 2022 ஜகார்த்தா செவன்ஸ் டிராஃபியில் வெள்ளி, இறுதியில் தாய்லாந்திடம் 14-32. 2024 காத்மாண்டுவில் மறுபடியும் வெள்ளி. 2025 ஆகஸ்டில் பீகாரின் ராஜ்கிரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் ஆசிய செவன்ஸில் வெண்கலம். உலகக் கோப்பையை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கஜகஸ்தான் பெண்கள் 1994லேயே உலகக் கோப்பை ஆடிவிட்டார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டிராஃபி என்பது ஆசியாவின் இரண்டாம் தட்டு. முதல் தட்டோடு மோதினால் என்ன ஆகிறது என்பதை 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பார்த்தோம்: ஹாங்காங்கிடம் 0-38, ஜப்பானிடம் 0-45, சிங்கப்பூரிடம் 0-15. இந்த எண்களைப் பார்த்து 'பொண்ணுங்களுக்கு இது சரிப்படாது' என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விதியை விளக்க வேண்டும். செவன்ஸில் ஒரு பாதி 7 நிமிடம்; மொத்தமே 14. 45 புள்ளி என்றால் பெரும்பாலும் ஏழு டிரை, அதில் ஐந்துக்குக் கன்வர்ஷன். 15 பேர் ஆட்டத்தில் டிரையை விட்டுக்கொடுத்த அணி நடுக்கோட்டிலிருந்து உதைத்து மறுபடி தொடங்கும். செவன்ஸில் தலைகீழ்: டிரை போட்ட அணியே உதைக்கும். பந்து நம் பக்கம் வருகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். வருவது ஆகாயத்தில், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, கீழே மூன்று பேர் அதைத் துரத்திக்கொண்டு. அதைக் குதித்துப் பிடிக்கத் தெரியாவிட்டால் ஒரு டிரைக்குப் பின் இன்னொரு டிரை, இடையில் நம் கையில் பந்தே படாது. செவன்ஸில் பெரிய ஸ்கோர்கள் இப்படித்தான் ஏறுகின்றன. தைரியக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு உதை, ஒரு பிடி. இரண்டையும் பன்னிரண்டு வயதில் கற்றால் கைவரும். இருபதில் கற்றால் ஆட்டத்தின் பதற்றத்தில் மறந்துபோகும்.

அந்த உதையின் பெயர் டிராப் கிக். செவன்ஸில் ரீஸ்டார்ட்டும் (ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை) அதுதான், கன்வர்ஷனும் அதுதான். டீ எனும் சின்னத் தாங்கியில் வைத்து உதைக்க அனுமதி இல்லை. பந்தை இரு கையாலும் செங்குத்தாகப் பிடித்து, மேல் முனையைத் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்து, உதைக்கும் காலின் பக்கமாகச் சற்று முன்னால் விட வேண்டும். முனை தரையில் பட்டு எழும்பும் அதே கணத்தில் ஷூவின் லேஸ் பகுதி அதில் படவேண்டும். கால்பந்து ஆடுகிறவர்கள் இதை ஹாஃப் வாலி என்பார்கள். பாதி வேலை அவர்களுக்கு முடிந்தே இருக்கிறது. கெடுவது எங்கே? முதலாவது, பந்தை விடாமல் மேலே தூக்கிப் போடுவது; அது காற்றில் புரண்டு, வயிறு தரையில் பட்டுக் கோணலாக எழும்பும். இரண்டாவது, கால்பந்துப் பழக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது; பந்து நேரே மேலே போய்க் காலடியிலேயே விழும். மூன்றாவது, ஃப்ரீ கிக்குக்குச் சுழற்றுவதுபோலக் காலைக் குறுக்கே வீசுவது. பந்தின் முனை போகும் திசையிலேயே காலும் போக வேண்டும்.

ரீஸ்டார்ட் உதை 10 மீட்டர் கோட்டைத் தாண்டியாக வேண்டும்; தாண்டாவிட்டாலோ நேரே வெளியே போனாலோ எதிரணிக்கு நடுக்கோட்டில் ஃப்ரீ கிக். ஆகவே தூரத்தைவிட உயரமே முக்கியம். துரத்துகிறவர்கள் போய்ச் சேரும்வரை, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணி முடிக்கும்வரை பந்து காற்றில் இருக்க வேண்டும். கன்வர்ஷனுக்கு டிரை விழுந்ததிலிருந்து 30 நொடிதான். நின்ற இடத்தில் நிதானமாக உதைத்துப் பழகிய பிள்ளை ஆட்டத்தில் தவறவிடுவது இதனால்தான். பழக்கும்போது முதலில் 60 மீட்டர் ஓடவிடுங்கள், மூச்சு வாங்க வாங்க உதைக்கட்டும். இடம் ஐந்து: நேர் நடு, இரு பக்கமும் 15 மீட்டர் தள்ளி, இரு பக்கமும் ஓரக்கோட்டை ஒட்டி. ஓர் இடத்துக்கு ஆறு உதை, மொத்தம் 30. அதற்கு மேல் போனால் தொடை இடுக்கு பிடித்துக்கொள்ளும். எத்தனை போனது என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று மாத நோட்டைப் பார்த்தால் யார் கிக்கர் என்று தானே தெரிந்துவிடும். இன்னொன்று, கன்வர்ஷன் உதைப்பது டிரை வைத்த இடத்துக்கு நேராக. துரத்த ஆளில்லாமல் ஓடுகிற பிள்ளை ஓரத்திலேயே பந்தை வைத்துவிட்டால் உதைப்பவள் பாடு திண்டாட்டம். வளைந்து ஓடிக் கம்பத்தடிக்கு வரச் சொல்லுங்கள். காத்மாண்டு மாதிரி ஆட்டங்களில் அந்தப் பத்தடி வளைவுக்கு ஒரு கோப்பையின் விலை.

கபடி ஆடுகிற பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் கதை வேறு. பயம் கிடையாது, இடுப்பு தாழ்ந்திருக்கும், ஆளைப் பிடிக்கத் தெரியும். ஆனால் கபடியில் கைதட்டு வாங்கும் மூன்று செய்கைகள் ரக்பியில் அட்டையில் முடியும். டேஷ் அடிப்பது, அதாவது கையால் வளைக்காமல் தோளால் மோதித் தள்ளுவது, இங்கே தவறு; இரு கையும் சுற்றி வளைத்தாக வேண்டும். தொடையைப் பிடித்துத் தூக்கிப் போடுவது அதைவிட மோசம்: ஆளின் இடுப்பு கிடைமட்டத்தைத் தாண்டித் தலையோ தோளோ முதலில் தரையில் பட்டால் சிவப்பு அட்டை. மூன்றாவது, பிடித்தவளை அமுக்கி வைத்துக்கொண்டே இருப்பது. ரக்பியில் ஆள் தரையில் விழுந்ததும் விட்டுவிட வேண்டும், எழுந்து நின்றபிறகுதான் பந்தில் கை வைக்கலாம். செவன்ஸில் மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம் வெளியே. 14 நிமிட ஆட்டத்தில் ஏழில் ஒரு பங்கு, மைதானத்தில் ஏழில் ஓர் ஆள். பழைய பழக்கத்தை உதற நான்கு மாதமாவது பிடிக்கும். நேஷனல்ஸுக்குப் பத்து நாள் முன்னால் கபடிப் பிள்ளைகளைச் சேர்த்து அணி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது அந்தப் பிள்ளைகளுக்கும் ஆபத்து, எதிரில் ஆடுகிறவர்களுக்கும் ஆபத்து.

டேக்கிளை, அதாவது பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்து வீழ்த்துவதை, படிப்படியாகத்தான் சொல்லித்தர வேண்டும். முதலில் இருவரும் முழங்காலிட்டு. பிறகு பிடிப்பவள் முழங்காலில், பந்துக்காரி நடையில். பிறகு இருவரும் நடையில். கடைசியில்தான் மெல்லோட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது நான்கு வகுப்பு. சொல்ல வேண்டியவை சில: கண் எதிராளியின் நிக்கரின் இடுப்புப் பட்டியில் இருக்கட்டும், முகத்தில் வேண்டாம், முகம் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. முன்னங்கால் அவள் காலருகே போய் ஊன்றிய பிறகே தோள் படவேண்டும். எட்டி விழுந்து பிடித்தால் தலை தாழ்ந்துவிடும். தலை எப்போதும் அவளுடைய பின்பக்கம், பிட்டத்தோடு கன்னம் ஒட்டியபடி. தலை முன்னால் போய்விட்டால் அவள் முழங்கால் நம் நெற்றியில். பந்துக்காரிக்கும் விழக் கற்றுத்தர வேண்டும்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, பக்கவாட்டில், பந்தை வயிற்றில் அணைத்து. மல்லாக்க விழும்போது கழுத்து பின்னால் வீசி, பின்மண்டை தரையில் அடிபடுவது பெண்கள் ரக்பியில் அதிகம். கழுத்துப் பயிற்சி வாரம் மூன்று நாள், ஐந்தே நிமிடம். உள்ளங்கையை நெற்றி, பின்தலை, இரு காது என்று மாற்றி மாற்றி வைத்து, தலையை அசைக்காமல் அழுத்தினால் போதும். எந்தக் கருவியும் வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லித்தர நல்ல இடம் நம் வாசலிலேயே இருக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையின் உலர்ந்த மணல், முதல் எட்டு வாரத்துக்குப் பள்ளி மைதானத்தைவிட மேல். கோடையில் நம் மைதானங்கள் தார்ச்சாலைபோல் இறுகிவிடும்; முழங்கையும் முட்டியும் உரிந்த பிள்ளை அடுத்த வாரம் வரமாட்டாள், அவள் அம்மாவும் அனுப்பமாட்டார். ஆனால் மணலுக்கும் அளவு உண்டு. ஆழமான மணலில் 25 நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால் ஆடுசதையும் குதிகால் நரம்பும் பிடித்துக்கொள்ளும். அலையோரச் சரிவில் ஓட்டம் வேண்டாம், ஒரு கால் தாழ்ந்தே ஓட வேண்டியிருக்கும். தொடங்குமுன் 20 மீட்டர் சதுரத்தை வாரியால் ஒருமுறை வாரிவிடுங்கள்: கிளிஞ்சல், கண்ணாடித் துண்டு, வலைத் துணுக்கு, தூண்டில் முள் எல்லாம் வரும். டிராப் கிக்கை மட்டும் அங்கே பழக்க வேண்டாம், மணலில் பந்து எழும்பாது.

மைதானக் கம்பத்துக்கு லட்சம் வேண்டாம். இந்தக் கரையில் சவுக்குக்கா பஞ்சம்? இரண்டு கம்பங்களுக்கு நடுவே 5.6 மீட்டர், குறுக்குக் கட்டை தரையிலிருந்து 3 மீட்டர். 7 மீட்டர் நீளச் சவுக்கை ஒரு மீட்டர் புதைத்தால் 6 மீட்டர் நிற்கும். புதையும் பாகத்துக்கும் அதற்கு மேல் ஒரு சாணுக்கும் தார் பூசுங்கள். கரையான் முதலில் பிடிப்பது தரை மட்டத்தில்தான். குறுக்குக் கட்டையைக் கயிற்றால் கட்டாமல் போல்ட் போட்டு முடுக்குங்கள், கயிறு மழையில் தளர்ந்து கட்டை தலையில் விழும். அடியில் ஆளுயரத்துக்குத் தேங்காய் நார் அடைத்த சாக்கைச் சுற்றிவிட வேண்டும். பந்து 24 பிள்ளைகளுக்குப் பத்து. 14 வயது வரை நான்காம் அளவு, பிறகு ஐந்தாம் அளவு. காற்று 9.5 முதல் 10 பி.எஸ்.ஐ. வெயிலில் கிடக்கும் பந்தில் காற்று ஏறி அது கல்லாகிவிடும், காலையில் அளந்ததைப் பத்து மணிக்கு மறுபடி அளக்க வேண்டும்.

நகை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தையே நிறுத்தும். வளையல், கொலுசு, தோடு, மூக்குத்தி எதுவும் கூடாது. மேலே டேப் ஒட்டினாலும் நடுவர் விடமாட்டார். மூக்குத்தியைக் கழற்றினால் துளை தூர்ந்துபோகும் என்று வீட்டில் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட. போட்டியன்று காலையில் போய்க் கேட்காதீர்கள். சேரும்போதே அம்மாக்களிடம் ஒரு ஆசிரியை உட்கார்ந்து பேசிவிடட்டும். அதே பேச்சில் மாதவிடாய் நாட்களைப் பற்றியும் பேசலாம். நிக்கர் வெள்ளையாக வேண்டாம், கருநீலம் எடுங்கள். சடையை மடித்துத் துணி ரப்பரால் கட்டலாம், கிளிப்பும் ஊசியும் கூடாது. பல் காப்பான் ஆளுக்கொன்று, இரவல் இல்லை. பருவத் தொடக்கத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை உள்ள பிள்ளை இரண்டாம் பாதியில் தளர்ந்துபோவாள், தளர்ந்த பிள்ளைதான் தலையைத் தவறான பக்கம் வைப்பாள்.

தலையில் அடி பட்டால் செய்ய வேண்டியதில் பேரம் கிடையாது. முகத்தில் தண்ணீர் தெளித்து 'ஒண்ணுமில்ல, போ' என்று மறுபடி இறக்குவது நம் மைதானங்களில் சாதாரணமாக நடக்கிறது. தலைசுற்றல், கண் மங்கல், கேள்விக்குத் தாமதமாகப் பதில், ஸ்கோர் மறந்துபோவது: இதில் ஒன்று இருந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தனியாக பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது. வாந்தி, வலிப்பு, கழுத்துவலி, கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் 108. போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள், அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. தலையில் மாட்டும் மென்தொப்பி மூளை அதிர்ச்சியைத் தடுக்காது, கீறலைத்தான் தடுக்கும். உலக ரக்பி அமைப்பின் இணையவழிப் பாடங்களில் இதற்கென்றே ஒன்று இலவசமாக இருக்கிறது. ஓர் ஆசிரியர் ஒரு மாலையில் முடித்துச் சான்றிதழ் எடுத்துவிடலாம். அதை முடிக்காதவர் டேக்கிள் சொல்லித்தரக் கூடாது என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை போட்டால் எங்களுக்கு மகிழ்ச்சியே.

காலண்டர் நம்முடையதாக இருக்க வேண்டும், மும்பையுடையதாக அல்ல. வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மைதானங்கள் எப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை கூரைக்கடியில் கழுத்து, கால் பயிற்சி, விதிகள் வகுப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை ஆளை வீழ்த்தாமல், இடுப்புத் துணியை உருவி ஆடும் டேக் ரக்பி. பெல்ட் வாங்க வேண்டாம், ஒரு முழம் துணியை இடுப்பில் இரு பக்கமும் செருகினால் ஆயிற்று. அக்னி நட்சத்திரத்தில் விடுமுறை. ஜூன், ஜூலையில் மணலில் டேக்கிள். ஆகஸ்டு, செப்டம்பரில் ஆட்டங்கள்.

ஆட்டத்துக்கு எதிரணி தேடி அலையவும் வேண்டாம். எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அது வேறு அரசு, வேறு அணி. பாகூர்ப் பிள்ளை புதுச்சேரிக்கும் மஞ்சக்குப்பத்துப் பிள்ளை தமிழ்நாட்டுக்கும் ஆட வேண்டியவர்கள். ரக்பிக்கு இது கொடுப்பினை: இருபத்து சொச்சம் கிலோமீட்டரில் இரண்டு மாநிலப் போட்டி. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருமுறை கடலூர் அண்ணா விளையாட்டரங்கம், மறுமுறை புதுச்சேரி உப்பளம். ஒரு நாளில் ஓர் அணிக்கு மூன்று ஆட்டம், நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி. செவன்ஸ் தொடர் என்றாலே ஒரே நாளில் பலமுறை எழுந்து ஓடுவது. அந்தக் களைப்பு பழகாத அணி முதல் ஆட்டத்தில் ஜெயித்து மூன்றாவதில் மடங்கும்.

2025இல் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் வென்றது. பெயரில் சென்னை இருந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அது ஆண்கள் தொடர். பெண்கள் பக்கம் பார்த்தால் இந்திய அணிக்கு ஒடிசா சுமித்ராவைத் தந்தது, பீகார் ஸ்வீட்டி குமாரியைத் தந்தது, புனே வாபிஸ் பரூச்சாவைத் தந்தது. ஸ்வீட்டி தடகளத்திலிருந்து வந்தவர். எந்த விளையாட்டிலிருந்து வந்தாலும் சீக்கிரம் வரவேண்டும், அவ்வளவுதான். இப்போது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் 2030 தோஹா ஆசிய விளையாட்டுக்குச் சரியான வயதில் இருப்பார்கள்.

நாங்கள் கேட்பது பணமல்ல. செவ்வாயும் வியாழனும் காலை 6 முதல் 7.30 வரை மைதானத்தில் பாதி. பள்ளிக்கு ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியர், அவர் இல்லாத பள்ளியில் வேறு பாட ஆசிரியை ஒருவர் கூட நின்றால் போதும். சனிக்கிழமைப் போட்டிக்கு ஒரு பஸ், ஒரு செவிலியர். கால்பந்து, கபடித் தேர்வில் கடைசி நேரத்தில் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். பந்து, கம்பம், சாக்கு எங்கள் பொறுப்பு.

இன்னும் ஒன்று. காலை 6 மணிக்குப் பிள்ளைகள் வந்து நிற்கும்போது கேட் பூட்டியிருந்தால் இரண்டாம் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். சாவி யாரிடம் இருக்கும், அவர் விடுப்பு எடுத்தால் யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முதல் வகுப்புக்கு முன்பே எழுத்தில் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலூரிலும் புதுச்சேரியிலும் பெண்களுக்கு ரக்பி கற்றுத் தருகிறவர்கள்